மாடு சோளத்தைத் தின்னும்!

ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சனிக்கிழமை ஆட்டத்தில் நெப்ராஸ்கா எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும்? ஆளுக்கு ஐந்து டாலர்!' கீழே கட்டங்கள். 1 முதல் 10 வரை, 11 முதல் 20 வரை, 21 முதல் 30 வரை, 31 முதல் 40 வரை. கடைசிக் கட்டத்தில் எண்ணே இல்லை. 'பாவம், விட்டுடுங்க!' என்று மட்டும் எழுதியிருந்தது.

நெப்ராஸ்கா தோற்றுவிட்டால்? அதற்குக் கட்டமே கிடையாது!

1996 டிசம்பர் முதல் வாரம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரம். நான் அங்கே போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2000-ஆம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சித்தம் கலங்கிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் என்னைப் போன்றவர்களுக்குச் சோறு கிடைத்தது. பழைய கோபால் புரோகிராம்களைத் திறந்து, இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக மாற்றவேண்டும். அவ்வளவுதான் வேலை. கான்ட்ராக்ட் டிசம்பர் 31-ல் முடிகிறது. நீட்டிப்பதும் ஊருக்கு அனுப்புவதும் மேனேஜர் கையில்.

அந்த மேனேஜரோ... சிவப்புத் தொப்பி, சிவப்பு ஸ்வெட்டர், சிவப்புக் காபிக் கோப்பை! நெப்ராஸ்கா டீமின் கலர் அது. நம்மூரில் ஆடி வெள்ளிக்கு மட்டும்தான் இவ்வளவு சிவப்பைச் சேர்ந்தாற்போல் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம், அமெரிக்க ஃபுட்பால். பெயரில்தான் 'ஃபுட்'. காலுக்கு வேலை ரொம்பக் கம்மி. உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும், அல்லது தூக்கி எறிந்து இன்னொருவன் பிடிக்கவேண்டும். பத்து கஜம் முன்னேற நாலு சான்ஸ். முன்னேறினால் மறுபடி நாலு சான்ஸ். இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன், 6 பாயிண்ட். அதற்கு மேல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. ஆக, 'மூணு டச்டவுன் வித்தியாசம்' என்றால் 21 பாயிண்ட் என்று கணக்கு.

ஆடுகிறவர்கள் காலேஜ் பையன்கள்தானே என்று அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நெப்ராஸ்காவில் பெரிய புரொஃபஷனல் டீம் எதுவும் கிடையாது. லிங்கன் நகரத்தில் இருக்கும் யுனிவர்சிடி டீம்தான் சகலமும். அந்த ஸ்டேடியத்தில் 1962-லிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுசாக விற்றுத் தீர்ந்திருக்கிறது. எழுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். 'ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை, ஸ்டேடியம்தான் எங்கள் மாநிலத்தின் மூணாவது பெரிய ஊர்!' என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த வருஷம்தான் புதுசாக 'பிக் 12' என்று பன்னிரண்டு காலேஜ்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு களம் இறங்கியது. பழைய 'பிக் எய்ட்' காலேஜ்கள் எட்டு, டெக்சாஸ் மாநிலத்துக் காலேஜ்கள் நாலு. வடக்கில் ஆறு, தெற்கில் ஆறு என்று பிரித்தார்கள். வடக்கில் முதலாவது வந்த டீமும் தெற்கில் முதலாவது வந்த டீமும் கடைசியில் மோதவேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் எல்லோரும் பயில்வான்களாகவும் இன்னொரு பக்கத்தில் எல்லோரும் நோஞ்சான்களாகவும் இருந்துவிட்டால்? நோஞ்சான்களில் முதல்வன் ஃபைனலுக்கு வந்துவிடுவான்! 'சேம்பியன்ஷிப்' என்று பெரிய போர்டு மாட்டியும், ஆட்டம் ஒருதலைப் பட்சமாகப் போய்விடுவது இதனால்தான்.

வடக்கிலிருந்து நெப்ராஸ்கா. 1994, 1995 இரண்டு வருஷமும் தேசிய சேம்பியன். அந்த சீசனில் 10 வெற்றி, 1 தோல்வி. தெற்கிலிருந்து டெக்சாஸ் யுனிவர்சிடி. 7 வெற்றி, 4 தோல்வி.

மத்தியான லஞ்ச் நேரத்தில் எங்கள் ஆபீஸ் கேன்டீன், நம்மூர் டீக்கடை பெஞ்சாக மாறிவிடும்.

"டெக்சாஸ் ஓக்லஹாமாகிட்டயே தோத்தாங்க. அதே ஓக்லஹாமாவை நாம 73-21-னு துவைச்சோம். கணக்குப் போட்டுப் பாருங்க!" என்றார் அக்கவுன்ட்ஸ்காரர்.

"கணக்கெல்லாம் எதுக்கு? செகண்ட் ஹாஃப்ல நம்ம மூணாவது வரிசைப் பசங்களை இறக்கிடலாம்" என்றார் மேனேஜர். "அடுத்த ஆட்டத்துக்கு நல்லவங்க ரெஸ்ட் எடுக்கட்டும்."

அடுத்த ஆட்டம்தான் எல்லோர் மனசிலும். இதில் ஜெயித்தால் நியூ ஆர்லியன்ஸில் ஃபுளோரிடா ஸ்டேட்டுடன் மோதி, தொடர்ந்து மூணாவது தடவையாக தேசிய சேம்பியன். பாதிப்பேர் விமான டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் டெக்சாஸ் என்று ஒருவன் நிற்பதையே மறந்துவிட்டார்கள்.

பந்தயக்காரர்களும் டெக்சாஸுக்கு 20 பாயிண்டுக்கு மேல் 'சலுகை' கொடுத்திருந்தார்கள். நிருபர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் குடைந்ததில், டெக்சாஸின் குவார்ட்டர்பேக் ஜேம்ஸ் பிரவுன் (பாடகர் இல்லை, அவர் வேறு!) கடுப்பாகி, 'யார் கண்டது, நாங்களே மூணு டச்டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்கலாம்' என்கிற மாதிரி சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பரில் அதுதான் செய்தி. எங்கள் கேன்டீனில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறி, தலையில் தட்டவேண்டியதாயிற்று.

சிரிக்காதவர் ஒருவர்தான். தபால் பிரிவுப் பெரியவர்.

அறுபது வயதைத் தாண்டியவர். டெக்சாஸ்காரர். நெப்ராஸ்கா பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒமாஹாவுக்கு வந்தவர். மனைவி காலமாகியும் ஊர் திரும்பவில்லை. கார் இல்லாத என்னைப் பனி கொட்டும் நாட்களில் வீடுவரை கொண்டுவிடுவார். இந்த ஆட்டத்தின் அரிச்சுவடியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். என்னை 'சன்' என்றுதான் கூப்பிடுவார். என் காதில் 'தம்பி' என்றே விழும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு ஸ்கேலையும் எடுத்தார். தாளின் ஓரத்தில் புதுசாக ஒரு கட்டம் போட்டார். நிதானமாக, கோணல் இல்லாமல். உள்ளே 'டெக்சாஸ்' என்று எழுதி, அடியில் தன் பெயரையும் எழுதினார்.

"ஜெயிப்பாங்கன்னு நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை வேற விஷயம் தம்பி. ஆட்டம்னு ஒண்ணு நடக்கப்போகுதே... ரெண்டு டீம்தானே ஆடுது? ஒரு டீமுக்குக் கட்டமே இல்லைன்னா நல்லாவா இருக்கு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கால் நகரவில்லை. மேனேஜர் தினமும் பார்க்கிற தாள் அது. கான்ட்ராக்ட் இன்னும் கையெழுத்தாகவில்லை. என் ரூம்மேட் திருச்சிக்காரன் வேறு, 'பேசாம 21-30-ல போட்டுட்டு வாடா. ஊரோட ஒத்து வாழ்' என்று உபதேசம் பண்ணியிருந்தான்.

ஆனால் பனியில் கொண்டுவிட்டவர் தனியாக ஒரு கட்டத்துக்குள் நிற்கிறாரே! மனசு கேட்கவில்லை. அதோடு எனக்கென்று ஒரு லாஜிக்கும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 7, சனிக்கிழமை. ஆட்டம், நானூறு மைலுக்கு மேல் தள்ளி செயின்ட் லூயிஸில். நாங்கள் மேனேஜர் வீட்டு டி.வி. முன்னால். சாப்பிட, சில்லி என்று காரமான பீன்ஸ், கறிக் குழம்பு. கூடவே லவங்கப்பட்டை போட்ட தித்திப்பு ரோல்! நெப்ராஸ்காவில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள். சாம்பாருக்கு ஜாங்கிரி தொட்டுக்கொள்கிற மாதிரி. சைவமான நான் ஜாங்கிரியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆரம்பத்திலேயே டெக்சாஸ் டச்டவுன் போட்டது. "பரவாயில்லை, பசங்க சந்தோஷப்பட்டுக்கட்டும்" என்றார்கள். பாதி ஆட்டத்தில் டெக்சாஸ் 20, நெப்ராஸ்கா 17. பேச்சு குறைந்தது. பிறகு நெப்ராஸ்கா முந்தி 27-23 என்று ஆனதும் பேச்சு திரும்ப வந்தது. உடனே ஜேம்ஸ் பிரவுன், வேன் மெக்காரிட்டிக்கு ஒரு பந்தை எறிந்தார். 66 கஜம். டச்டவுன். 30-27!

மூணு நிமிஷம்கூட பாக்கியில்லை. டெக்சாஸிடம் பந்து. தங்கள் பக்கத்து 28-ஆவது கஜத்தில், நாலாவது சான்ஸ். தேவை சில அங்குலம்தான். ஆனால் தவறினால் நெப்ராஸ்காவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அந்த இடத்தில் யாராயிருந்தாலும் பந்தைத் தூர உதைத்துத் தள்ளிவிடுவார்கள். டெக்சாஸ் கோச் ஜான் மேக்கோவிக் உதைக்கச் சொல்லவில்லை.

"நடுவுல முட்டித் தள்ளப் போறாங்க. நிறுத்துங்கடா!" என்று மேனேஜர் டி.வி.யைப் பார்த்துக் கத்தினார். நெப்ராஸ்கா பையன்களும் அப்படியே நினைத்து நடுவில் குவிந்தார்கள். பிரவுன் இடது பக்கமாக ஓடி வந்து, ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தை எறிந்தார். டெரெக் லூயிஸ் அங்கே ஆள் அரவமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். 61 கஜம். அடுத்ததில் பிரீஸ்ட் ஹோம்ஸ் 11 கஜம் ஓடி டச்டவுன். 37-27. முடிந்தது கதை.

அந்த ஹாலில் இருபது பேர் இருந்தோம். சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. 'ஐயோ' என்று முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவருக்கு போன் செய்தேன். எங்கேஜ்டு. அரை மணி கழித்தும் எங்கேஜ்டு. ராத்திரி பத்து மணிக்குத்தான் கிடைத்தார். டெக்சாஸில் இருக்கும் அண்ணன், தம்பி, பழைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். "சில பேர் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு தம்பி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

திங்கட்கிழமை. 'பாதிப்பேருக்கு ஃப்ளூ, அதான் தோத்தோம்' என்று கேன்டீனில் சமாதானம் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். போனேன். மேஜைமேல் ஒரு கவர். பந்தயம் கட்டியவர்கள் இருபத்துநாலு பேர், மொத்தம் 120 டாலர். ஜெயித்தவர்கள் இரண்டே பேர்.

"அறுபது டாலர். எண்ணிக்கோ" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "உண்மையைச் சொல்லு. எப்படிக் கண்டுபிடிச்சே? கம்ப்யூட்டர்ல ஏதாவது போட்டுப் பார்த்தியா?"

சொல்லிவிட்டேன். "சார், நம்ம டீம் பேரு கார்ன்ஹஸ்கர்ஸ். சோளம் உரிக்கிறவங்க. அவங்க லாங்ஹார்ன்ஸ். நீளக்கொம்பு மாடு. மாடும் சோளமும் எதிரெதிரே நின்னா... மாடு சோளத்தைத் தின்னுடும் சார்."

பத்து விநாடி என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிராயரிலிருந்து இன்னொரு கவரை எடுத்து நீட்டினார். ஆறு மாதம் நீட்டித்த கான்ட்ராக்ட்!

"தேதியைப் பார். வெள்ளிக்கிழமை போட்ட கையெழுத்து. திங்கட்கிழமையா இருந்தா யோசிச்சிருப்பேன்!"

ஒன்று சொல்லவேண்டும். மாடு ஒவ்வொரு தடவையும் தின்றுவிடாது. அடுத்த வருஷம், 1997-ல் டெக்சாஸ் 4 வெற்றி, 7 தோல்வி என்று கவிழ்ந்தது. மேக்கோவிக்குக்கு வேலையே போயிற்று. நெப்ராஸ்கா அதே ஃபைனலில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் டீமை 54-15 என்று மிதித்து, தேசிய சேம்பியன் பட்டத்தையும் பங்கிட்டுக்கொண்டது. 2005-ல் டெக்சாஸே கொலராடோவை 70-3 என்று நசுக்கியது. எதிர்பார்த்தபடி நடந்தவை இவை.

நடக்காதவையும் உண்டு. 2003-ல் தோல்வியே காணாத ஓக்லஹாமாவை கேன்சஸ் ஸ்டேட் 35-7 என்று வீழ்த்தியது. 2012-ல், 'பிக் டென்' கூட்டமைப்புக்கு மாறிவிட்டிருந்த நெப்ராஸ்கா, ஃபைனலில் விஸ்கான்சினைச் சந்தித்தது. விஸ்கான்சின் தன் பிரிவில் மூணாவது இடம். மேலே இருந்த இரண்டு டீம்களுக்கும் தடை என்பதால் உள்ளே வந்த டீம். முடிவு? விஸ்கான்சின் 70, நெப்ராஸ்கா 31! அன்றைக்கு என் பழைய மேனேஜரை நினைத்துக்கொண்டேன். இரண்டே வருஷம் கழித்து அதே விஸ்கான்சின், அதே ஃபைனலில், மூணாவது குவார்ட்டர்பேக்கை வைத்து ஆடிய ஒஹையோ ஸ்டேட்டிடம் 59-0 என்று உதை வாங்கியது.

2002-ல் 'பாபா' படத்தில் ரஜினி ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் தூக்கி முத்திரை காட்டினாரே... தியேட்டரில் எல்லோரும் விசிலடித்தபோது நான் மட்டும் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். டெக்சாஸ் ரசிகர்கள் மாட்டுக்கொம்பு மாதிரி காட்டும் சைகையும் ஏறக்குறைய அதேதான். பெரியவர் தினமும் ஆபீஸ் வாசலில் என்னை இறக்கிவிட்டுக் காட்டுவது!

இப்போது சென்னையில் என் ஆபீஸிலும் ஐ.பி.எல். சமயத்தில் தாள் ஒட்டுகிறார்கள். 'நம்ம டீம் எத்தனை ரன் வித்தியாசத்தில் ஜெயிக்கும்?' நான் ஒன்றும் சொல்வதில்லை. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டு வருகிறேன்.

பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கிறது. போன வாரம் பார்த்தேன்... புதுசாகச் சேர்ந்த டிரெய்னி பையன் ஒருவன் அதில் பெயர் எழுதிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.