டீன் வனத்துப் புகைவண்டி

இங்கிலாந்தின் மேற்கெல்லையிலே, செவேண், வை என்னும் இரு நதிகளுக்கிடையே கிடப்பது டீன் வனம். அதன் தென்பாலுள்ள லிட்னியிலிருந்து பார்க்கெண்ட் என்னும் சிற்றூர்வரை, ஏறத்தாழ நாலேகால் மைல் தூரம், பழைய புகைவண்டியொன்று இன்றும் ஓடுகின்றது.

சாளரத்தினூடே நோக்குவார்க்கு இருமருங்கும் மரச்செறிவே தோன்றும். ஆயின், இவ்வனப்பு முழுவதும் இயற்கையின் கொடையன்று. போர்க்கப்பல்களுக்கு மரம் வேண்டி, 1808ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே ஓக்கு மரங்கள் பெருந்தொகையாக நடப்பட்டன. அவை முதிருமுன்னரே கப்பல்கள் இரும்பாலாயின, மரங்கள் எஞ்சின.

இருப்புப்பாதையின் வரலாறும் இத்தகையதே. 1809இல் பாராளுமன்ற அனுமதி பெற்று, குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துச் செல்லும் தண்டவாளப் பாதையாக அது தொடங்கியது. பின்னர் நீராவி எஞ்சின்கள் வந்தன. 1875இல் தொடங்கிய பயணிகள் சேவை, லிட்னிக்கு வடக்கே 1929இல் நின்றது. வனத்தின் பெருஞ்சுரங்கங்களுள் இறுதியானது 1965இல் மூடப்பட்டது. இன்று இவ்விருப்புப்பாதையின் தலைமை நிலையமாய் விளங்கும் நோர்ச்சார்ட்டும் முன்னாளிற் சுரங்கத் தலமே.

எனினும், கரியகழும் வழக்கம் அங்கு முற்றாக அற்றொழியவில்லை. சென் பிரியாவல்ஸ் என்னும் எல்லைக்குட் பிறந்து, இருபத்தொரு வயது நிரம்பி, ஓராண்டும் ஒரு நாளும் சுரங்கத்தில் உழைத்தவர் அங்கே அகழும் உரிமையைப் பெறுவர். தொன்றுதொட்டு வந்த இவ்வழக்கத்தை 1838ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்திற்று. ஆடவர்க்கே உரியதாயிருந்த இவ்வுரிமையை 2010இல் முதன்முதலாகப் பெண்ணொருவரும் பெற்றார்.

இவ்வுரிமையின் இயல்பு சிந்திக்கத்தக்கது. தந்தை பெற்றிருந்தமையால் மாத்திரம் அது மைந்தனுக்கு வந்து சேராது. ஒவ்வொரு தலைமுறையும் நிலத்தடியில் உழைத்தே அதனைப் பெறுதல் வேண்டும். உழைத்தற்குச் சுரங்கமில்லையாயின், சட்டம் ஏட்டில் இருந்தும் உரிமை இறந்துபடும்.

புகைவண்டிக்கும் இந்நியதி பொருந்தும். அதனைக் காக்க 1970இல் அன்பர்கள் சங்கமொன்றை நிறுவினர். பல்லாண்டு முயற்சியின் பின், 2006ஆம் ஆண்டளவில் வண்டி மீண்டும் பார்க்கெண்டை அடைந்தது. கொதிகலனைப் பேணுதல், தண்டவாளக் கட்டைகளை மாற்றுதல், சைகைகளை இயக்குதல் முதலியவற்றைத் தொண்டர்கள் ஊதியமின்றிச் செய்து வருகின்றனர். இவற்றை நூலாற் கற்றல் சாலாது. அறிந்தவர் அருகில் நின்று கைப்பழக்கத்தாற் பெறல் வேண்டும். கற்பார் இலராயின், எஞ்சின் காட்சிச்சாலைப் பொருளாய்விடும்.

பழமையைப் போற்றுதலென்பது பழம்பொருளைப் பூட்டிவைத்தலன்று. அதனை இயக்கும் அறிவை அடுத்த தலைமுறையின் கையிற் கொடுத்தலே என்பதை இச்சிறு புகைவண்டி உணர்த்துகின்றது.