ஒடிந்த டிப்ஸ்டிக் குழாயை மாற்றுவது எப்படி?

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கார் அறுவடைக்கும் பிசான நடவுக்கும் இடையில் கிடைக்கும் நாட்கள் குறைவு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்களில் தண்ணீர் வந்தவுடன் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் எல்லா வயல்களிலும் ஒரே சமயத்தில் தொளி உழவு தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் வாடகைக்கும் வேறு வண்டி கிடைப்பது அரிது. உழவு தள்ளிப்போனால் நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. முற்றிய நாற்றை நட்டால் தூர் குறைகிறது, மகசூலும் குறைகிறது. உழவியல் பாடம் சொல்லும் நான் என்ஜினைப் பற்றி எழுத முற்பட்டதற்குக் காரணம் இதுவே.

என்ஜின் ஆயிலின் அளவைப் பார்க்க உதவும் கம்பியை டிப்ஸ்டிக் என்கிறோம். அக்கம்பி நுழையும் மெல்லிய இரும்புக் குழாய் ஒடிந்தால், துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு ஓட்டுவோர் உண்டு. இது பெரும் செலவில் கொண்டுபோய் விடும்.

குழாயும் அளவின் ஒரு பகுதியே

சில டிராக்டர்களில் கம்பி நேராக என்ஜின் பிளாக்கில் செருகப்பட்டிருக்கும். பல பவர் டில்லர்களிலும் பம்புசெட்டுகளிலும் ஆயில் ஊற்றும் மூடியிலேயே கம்பி இருக்கும். இவற்றில் குழாய் இல்லை. குழாய் உள்ள என்ஜினில் அதன் அடிமுனை பிளாக்கில் இறுகியிருக்கும். மேற்பகுதி ஒரு கிளிப்பினால் பிடிக்கப்பட்டிருக்கும். கம்பியின் தலை குழாயின் வாயில் உட்கார்ந்து, கம்பி கீழே தொங்குகிறது. ஆகவே குழாயின் உயரம் மாறினால் கம்பி காட்டும் அளவும் மாறும்.

ஒடிந்த குழாயின் நுனியை அறுத்துவிட்டு மீதியைச் செருகினால் குழாய் குட்டையாகிறது. கம்பி ஆயிலுக்குள் அதிகம் இறங்கி, ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும். உண்மையில் ஆயில் குறைவாக இருக்கும். பேரிங்குகளுக்கு ஆயில் போதாமல் என்ஜின் பிடித்துக்கொள்ள இதுவே போதும். குழாய் முழுவதும் இறங்காமல் உயர்ந்து நின்றால், ஆயில் குறைவாக இருப்பதாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். சீல்கள் வழியே ஆயில் கசியும்.

ஒடிவதற்குக் காரணங்கள்

கிளிப்பின் போல்ட் தளர்வதே முக்கியக் காரணம். பிடிமானம் இழந்த குழாய் என்ஜின் அதிர்வில் ஆடி, பிளாக்கில் நுழையும் இடத்தில் விரிசல் விடுகிறது. துருவும், வேலை செய்யும்போது கைதவறிப் படும் அடியும் மற்றக் காரணங்கள்.

ஒடிந்த துவாரத்தின் வழியே ஆயில் வெளியே தெறிக்கும். கேஜ் வீல் வாரியடிக்கும் சேற்று நீர் உள்ளே செல்லும். ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அறிக. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரப் பகுதிகள் வெள்ளக்காடாயின. அதுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய என்ஜினில், குழாய் நன்றாக இருந்தாலும், ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை வடித்து மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

கழற்றும் முறை

1. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் நன்கு ஆறியபின் பேட்டரி இணைப்பைக் கழற்றவும்.

2. ஒடிந்த இடத்தைச் சுற்றியுள்ள சேற்றையும் பிசுக்கையும் டீசல் தோய்த்த துணியால் துடைக்கவும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது.

3. கிளிப் போல்ட்டைக் கழற்றி மேல்துண்டை எடுக்கவும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். புதுக் குழாயோடு ஒப்பிட உதவும்.

4. அடித்துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டுச் சிறிது நேரம் கழித்து, கிரிப் பிளையரால் பிடித்து இடமும் வலமுமாகத் திருகி மேலே இழுக்கவும். மரையிட்ட நட்டு இருப்பின் அதை முதலில் தளர்த்த வேண்டும்.

5. பிளாக்கோடு ஒட்ட ஒடிந்திருந்தால், குழாயின் உள்துவாரத்தைவிடச் சற்றே பெரிய மரை போடும் டாப்பில் கிரீஸ் தடவி, கையால் சில சுற்றுகள் திருகவும். டாப் குழாயைக் கவ்வியதும் திருகியபடியே மேலே இழுக்கவும். இரும்புத் துகள்கள் உள்ளே விழாமல் கிரீஸ் பிடித்துக்கொள்ளும். டாப்பைக் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது.

6. துண்டை உளியால் உள்ளே தட்டிவிடுவது பெரும் தவறு. அப்படி விழுந்துவிட்டால் என்ஜினை ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. ஆயில் சம்ப்பைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். பல டிராக்டர்களில் முன்பாரத்தைத் தாங்குவதே சம்ப் என்பதால் இது பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

7. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் வெல்டிங்கோ நெருப்போ வேண்டாம்.

புதுக் குழாய் பொருத்துதல்

டிராக்டரின் மாடலையும் என்ஜின் எண்ணையும் குறித்துச் சென்று அதற்கே உரிய குழாயை வாங்கவும். பழைய துண்டுகளைச் சேர்த்து வைத்து நீளமும் வளைவும் ஒத்துள்ளனவா எனப் பார்க்கவும். துவாரத்தைத் துடைத்து, ரப்பர் வளையம் உள்ள வகையானால் புது வளையம் போட்டு ஆயில் தடவிச் செருகவும். இறுக்கிச் செருகும் வகையானால் குழாயின் வெளிப்புறம் மட்டும் சீலண்டை மெல்லியதாகப் பூசவும். குழாயில் உள்ள தடிப்பு பிளாக்கில் படியும் வரை மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டவும். பிறகு கிளிப்பை ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கவும். கம்பி உரசாமல் சென்று வர வேண்டும்.

அளவைச் சோதித்தல்

வேலை முடிந்ததும் பழைய ஆயிலை முழுவதும் வடித்து பில்டரையும் மாற்றவும். தண்ணீரோ துகளோ உள்ளே சென்றிருந்தால் அதனுடன் வெளியேறும். கையேட்டில் சொல்லியுள்ள லிட்டர் கணக்குப்படி புது ஆயிலை அளந்து ஊற்றவும். என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கம்பியைப் பார்க்கவும். ஆயில் மேல்குறியை ஒட்டி இருந்தால் குழாய் சரியாக அமைந்துள்ளது. மிகவும் கீழே காட்டினால் குழாய் முழுவதும் இறங்கவில்லை. மேல்குறியைத் தாண்டிக் காட்டினால் குழாய் குட்டை, அல்லது அளவுக்கு மீறி இறங்கியுள்ளது. இரண்டில் எதுவானாலும் குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும். ஆயிலைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கார் உழவுக்கு முன் ஒருமுறை, பிசான உழவுக்கு முன் ஒருமுறை கிளிப் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அப்போதே முடுக்கிவிடுங்கள். அந்த ஒரு நிமிட வேலை, தொளிக்குள் டிராக்டர் நின்று நாற்று முற்றும் நிலையைத் தவிர்க்கும்.