சித்திரை வெயிலில் புரொப்பல்லர்

மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரைப் பிற்பகலில் அங்குள்ள காற்று, திட்ட வளிமண்டலக் கணக்கின்படி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக் காற்றின் அளவுக்கு மெலிந்துவிடும். கொடைக்கானல் உயரத்தில் பாதி அது. சொந்தமாக விமானம் கட்டி, அதில் புது புரொப்பல்லரைச் சோதிக்க நினைப்பவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

புரொப்பல்லர் என்பது சுழலும் இறக்கை என்று தெளிவாகப் புரிந்துகொண்டு வடிவமைத்தவர்கள் ரைட் சகோதரர்கள். 1903இல் அவர்கள் மரத்தில் செதுக்கியவை, இன்ஜின் தந்த ஆற்றலில் முக்கால் பங்கை உந்துவிசையாக மாற்றின. இறக்கை என்பதால் காற்றின் அடர்த்திதான் அதற்கு மூலதனம். 40 டிகிரியில் அந்த மூலதனத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இதை டாக்கோமீட்டர் காட்டிக்கொடுக்காது என்பதுதான் ஆபத்து. மெலிந்த காற்றில் இன்ஜினின் பலம் குறைகிறது. சுழலும் இதழ்களுக்கு எதிர்ப்பும் குறைகிறது. ஆகவே முள் வழக்கமான இடத்திலேயே நிற்கும், இழுப்பு மட்டும் குறைந்திருக்கும். சுற்றுகளை மட்டும் பார்த்து ஓடுபாதைக்குப் போகவே கூடாது. தராசின் இழுப்பைத் தடுக்காதபடி சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இடைவெளி விட்டுக் கட்டை வைத்து, வாலை உறுதியான தூணில் கட்டி, இடையில் ஸ்பிரிங் தராசு மாட்டி, இழுப்பைக் கிலோவில் அளக்க வேண்டும். அப்போது சுழல்தளத்தின் நேரே யாரும் நிற்கக் கூடாது. ரோட்டாக்ஸ் 912 இன்ஜினின் 100 குதிரைத்திறன் வகை 5,800 சுற்றில் ஓடினால், கியர் வழியாக புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2,400 முறை சுழலும். 1.7 மீட்டர் விட்டம் என்றால் இதழின் நுனி மணிக்கு 760 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. சரளைக்கல் ஒன்று பட்டு விழும் சிறு வெட்டுகூட விரிசலாக வளரும்.

மரப் புரொப்பல்லருக்கு இன்னொரு கவனம் வேண்டும். ஐப்பசி ஈரத்தில் உப்பும் மரம் பங்குனியில் காய்ந்து சுருங்கும். போல்ட்டுகளின் பிடி தளரும். பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ரெஞ்சால் சரிபார்த்தாக வேண்டும்.

தென்மாவட்டச் சமவெளி இத்தகைய முயற்சிக்குப் புதிதல்ல. காது கேளாத, வாய் பேச இயலாத, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சஜி தாமஸ் இடுக்கி மாவட்டத்தில் தன் கையால் கட்டிய இரு இருக்கை விமானத்தை, 2014இல் திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறில் ஓட்டிப் பார்த்தவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். கட்டுபவர் ஒருவர், அனுபவமுள்ள விமானி இன்னொருவர் என்ற அந்த ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. எல்லோரும் பின்பற்றத்தக்க முறை.

பறக்கும்போது அளக்க வேண்டியவை ஏறும் வேகமும் கிடைமட்ட வேகமும். ஒரே எடை, ஒரே எரிபொருள், ஒரே உயரம். வேகத்தைக் காற்றின் திசையிலும் எதிர்த்திசையிலும் ஜி.பி.எஸ். கொண்டு பார்த்துச் சராசரி எடுக்கலாம். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் விடியற்காலை தவிர வேறு நேரத்தில் நம்பகமான எண் கிடைக்காது.

பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம், ஹன்சா-என்ஜி விமானத்தைக் கடல் மட்டக் காற்றில் சோதிக்க 2022 பிப்ரவரியில் புதுச்சேரிக்கே பறக்கவிட்டது. மதுரைக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மார்கழி விடியலிலும் சித்திரைப் பிற்பகலிலும் ஒரே இடத்தில் தராசு காட்டும் இழுப்பைக் குறித்து வைத்தால், வெயில் நாளில் இருவர் ஏறலாமா, விமானி மட்டும் போக வேண்டுமா என்பதை இன்ஜினை முடுக்கும் முன்பே முடிவு செய்துவிடலாம்.