வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?

கந்தளாய் போன்ற குடியேற்றப் பட்டினங்களிலே ஒரு நூல் ஒரு பிள்ளையோடு ஓய்ந்துவிடுவதில்லை. அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பான்; பின்னர் அது அயல்வீட்டுக்குப் போகும். அதற்காக எவரும் பதிப்பாளரிடம் அனுமதி கேட்பதில்லை. இதே வழக்கத்தை வீடியோ விளையாட்டு இறுவட்டுக்களிலும் உலக இளைஞர் கைக்கொண்டபோது, அவற்றை வெளியிடும் நிறுவனங்களுக்குச் சினம் பிறந்தது.

சினம் புதிதன்று. 1904-இல் அமெரிக்கப் பதிப்பகமான பொப்ஸ்-மெரில், தன் நாவலொன்றை ஒரு டொலருக்குக் குறைத்து விற்றலாகாது என்று நூலினுள்ளேயே அச்சிட்டது. மேசி என்னும் கடையார் அதை 89 சதத்துக்கு விற்றனர். முதல் விற்பனையோடு பதிப்பாளரின் பிடி தளர்ந்துவிடுகிறது என 1908-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைகளுக்கு அங்கே நிழல் தருவது அத்தீர்ப்பே. யப்பானிய உயர் நீதிமன்றமும் 2002-இல் பழைய விளையாட்டுக்களின் மறுவிற்பனையைத் தடுக்க மறுத்துவிட்டது.

சட்டம் கைகொடாதபோது நிறுவனங்கள் பொறிநுட்பத்தை நாடின. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 2010-இல் புதிய பெட்டிக்குள் ஒரு குறியீட்டை வைத்தது. அது ஒருமுறையே செல்லும். பழையதை வாங்கியவர் இணையவழியில் பிறரோடு ஆட மீண்டும் பணம் கட்டவேண்டும். 2013-இல் இம்முறை கைவிடப்பட்டது. ஆனால் அதே ஆண்டு யூன் மாதம், மைக்ரோசொப்ட் தன் புதிய எக்ஸ்பொக்ஸ் வன் கருவிக்கு விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள்! 24 மணிக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டுமாம். ஒரு விளையாட்டை நண்பனுக்கு ஒரே தடவைதான் கொடுக்கலாமாம்; அவனும் குறைந்தது 30 நாட்களாக நண்பர் பட்டியலில் இருந்தவனாக வேண்டுமாம். நட்புக்கும் தவணை குறித்த விந்தை இது. போட்டி நிறுவனமான சோனி, ஒருவர் மற்றவர் கையில் இறுவட்டைக் கொடுக்கும் காட்சியை மட்டும் படமாக்கி எள்ளி நகையாடியது. வாங்குவோர் கொதித்தெழவே, இரு வாரங்களுக்குள் மைக்ரோசொப்ட் பின்வாங்கிற்று.

மறுவிற்பனையில் தமக்கு ஒரு சதமும் வருவதில்லை என்ற நிறுவனங்களின் முறையீட்டில் உண்மை உண்டு. எனினும் பழையதை விற்ற காசு பெரும்பாலும் புதியதை வாங்கவே செல்கிறது என்பதை அவை ஏனோ கணக்கிற் சேர்ப்பதில்லை.

நமது நாட்டின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ, பிரதி எவருக்குச் சொந்தமாயினும், கணினி நிரலை வாடகைக்கு விடும் உரிமையைப் படைத்தவருக்கே ஒதுக்குகிறது. ஆகவே கந்தளாயில் ஒருவர் தாம் விலைகொடுத்து வாங்கிய இறுவட்டுக்களை வாடகைக்கு விட எண்ணினாலும் அனுமதி வேண்டும்.

இப்போது இறுவட்டே அருகிவருகிறது. இணையத்தில் இறக்கிய விளையாட்டு, வாங்கியவரின் கணக்கோடு கட்டுண்டு கிடக்கிறது. தம்பி கையில் எடுத்துக் கொடுக்க அங்கே பொருள் ஏதுமில்லை. தாம் விற்பது பொருளையன்று, மீளப்பெறத்தக்க உரிமத்தையே என்று வணிகர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என, 2025 முதல் கலிபோர்னியா மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது.