ஆசானின் இறுதிப் பாடம்

கொடிகாமத்து மணல் வளவுகளிலே போளையடித்துப் பழகியவர்கள் ஓருண்மையை அறிவர். தூரத்துப் போளையைத் தெறிப்பதிலும், அருகிலுள்ள குழியில் உருட்டி விழுத்துவதே கடினம். கோல்ப் ஆட்டத்தின் இரகசியமும் இதுவே. 18 குழிகளுக்கு 72 அடிகள் என்பது பொதுவான கணக்கு. அவற்றுட் சரிபாதியான 36, பசுந்தரையிற் பந்தை உருட்டும் மெல்லடிகளுக்கே உரியவை. இருநூறு யார் பறக்கும் அடியும் ஓரடியே. ஒரு சாண் உருளும் அடியும் ஓரடியே. குழியின் அகலமோ 4¼ அங்குலந்தான்!

இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்துப் பயிற்றுநர் ஹாவி பெனிக். ஆட்டக்காரரின் பை சுமக்கும் சிறுவனாகத் தொடங்கி ஆசானாக உயர்ந்த அவர், நெடுங்காலம் குறித்துவைத்த அநுபவங்களை 1992 இல் நூலாக்கினார்.

1995 இல், தமது 90 ஆவது வயதில், அவர் நோய்ப்படுக்கையிற் கிடந்தார். காணவந்த பழைய மாணாக்கர் பென் கிறென்ஷோவை மெல்லடி அடித்துக் காட்டச் சொல்லி, படுக்கையிலிருந்தவாறே திருத்தினார். இருமுறை ஒத்திகை பார்த்தபின் தன்னை நம்பி அடிக்கவேண்டும் என்பதே அவர் புகட்டிய பாடம். ஏப்ரில் 2 ஆம் நாள் ஆசான் மறைந்தார். அவர் பேழையைச் சுமந்த மாணாக்கர், 9 ஆம் நாள், 43 ஆவது வயதில், புகழ்பெற்ற மாஸ்ரர்ஸ் போட்டியில் வென்று, கடைசிக் குழியருகே குனிந்து கண்ணீர் சொரிந்தார்.

பரீட்சைக்குச் செல்லும் மாணவர்க்கும், குடும்பம் நடத்தும் பெரியோர்க்கும் இதிலே பாடமுண்டு. பெருஞ்செயல்களை ஊர் மெச்சும். ஆனால், சிறு செயலிற் காட்டும் நிதானமே வாழ்வை நிறைவு செய்கின்றது. ஆயத்தஞ் செய்தபின் ஐயத்துக்கு இடங்கொடாதிருப்போமாக!