குல்மார்கில் பனி பெய்யுமா?

மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம் போடும் பெண்மணிகளுக்குப் பனியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக் கொண்டால் போதும். வெயில் வந்ததும் பனி போய்விடும். ஆனால் காஷ்மீரத்துப் பனி அப்படிப்பட்டதல்ல. அது தேங்காய்த் துருவல் போல் உதிர்ந்து, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதன்மேல் பலகையைக் காலில் கட்டிக் கொண்டு சறுக்கி விளையாடும் இடந்தான் குல்மார்க்.

அரையாண்டுப் பரீட்சை லீவு நெருங்கினால், தியாகராய நகரிலும் அடையாறிலும் பல வீடுகளில் குல்மார்க் பேச்சு எழுகிறது. நாலு பேர் போய் வருவதென்றால் ஒரு வருஷத்துச் சேமிப்பு கரைந்துவிடும். அவ்வளவு செலவழித்துப் போய்ப் பனியே இல்லாவிட்டால்? அப்படியும் நடந்திருக்கிறது. 2024 ஜனவரியில் மாதம் முடியப் போகும்வரை குல்மார்க் சரிவுகளில் வெறும் பழுப்புப் புல்தான் தெரிந்தது. பனியைப் பார்க்கப் போன குழந்தைகள் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

வானிலை அறிக்கையைச் சற்று நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அது ஒன்றும் பிரம்ம வித்தையல்ல.

பனி எங்கிருந்து வருகிறது?

நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கே வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. காஷ்மீரத்துப் பனி மேற்கேயிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றுச் சுழற்சிகள் ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக இமயமலையை வந்து முட்டுகின்றன. ‘மேற்கத்திய இடையூறு’ என்று இவற்றுக்குப் பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ குடும்பத் தகராறு போலிருக்கிறது. ஆனால் இந்த இடையூறு வராவிட்டால் குல்மார்கில் பனியே இல்லை. ஆகவே ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, அடுத்த இடையூறு எந்தத் தேதியில் வருகிறது என்பதைத்தான்.

நுங்கம்பாக்கத்து அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வருமே, அதற்குக் கணக்கு உண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து நிலையங்களுக்கு மேல் போகாது என்று அர்த்தம். ஸ்ரீநகரில் இருப்பதும் அதே இலாகாதான்; கணக்கும் அதேதான். காஷ்மீரில் ஓரிரு இடங்களில் பனி பெய்யும் என்றால், அந்த ஓரிரு இடத்தில் குல்மார்கும் ஒன்று என்று பெட்டியைக் கட்டிவிடக் கூடாது.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: எந்த உயரத்துக்குச் சொல்கிறார்கள்? ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரத்திலும், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமாராக ஆறரை டிகிரி குறையும். மழை பெய்யும் நாளில் ஸ்ரீநகரில் 5 டிகிரி என்றால், குல்மார்கில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி இருக்கலாம். அங்கே மழை, இங்கே பனி! ஸ்ரீநகரிலேயே 10 டிகிரி என்றால் குல்மார்கிலும் மழைதான் பெய்யக் கூடும். அந்த மழை இருக்கிற பனியையும் கரைத்துவிடும். மேகமில்லாத இரவுகளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கிவிடுகிறது. கைபேசியில் பார்ப்பவர்கள் ‘காஷ்மீர்’ என்றோ ‘ஸ்ரீநகர்’ என்றோ தேடாமல், குல்மார்க் என்றே தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு? பனிப் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் போதாது. பத்து மில்லிமீட்டர் தண்ணீர் பனியாக விழுந்தால் சுமார் பத்து சென்டிமீட்டர் உயரம் நிற்கும். குளிர் கடுமையாக இருந்தால் இன்னும் உயரும். ஈரப் பனியானால் குறையும். அறிக்கையில் இரண்டு மில்லிமீட்டர் என்றிருந்தால் அது புல்லின் நுனியை மூடத்தான் போதும். புகைப்படத்துக்கு ஆகும், சறுக்குவதற்கு ஆகாது.

மூன்றாவது கேள்வி: பெய்த பிறகு என்ன? புதுப் பனி ஓரிரு நாளில் அமுங்கும். பகலில் நல்ல வெயில் அடித்து இளகி, இரவில் மறுபடி உறைந்தால், காலையில் கண்ணாடி போல் இறுகிக் கிடக்கும். முதன்முதலாகச் சறுக்கப் போகிறவர்களுக்கு அதில் விழுந்தால் பலத்த அடி. பனி பெய்து ஓய்ந்து, குளிர் நீடித்து, காற்று அடங்கிய நாள்தான் கற்றுக்கொள்ளச் சிறந்தது. பலத்த காற்றென்றால், சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்லும் அபர்வத் கம்பிவட ஊர்தியையும் நிறுத்திவிடுவார்கள்.

எத்தனை நாள் முன்பு நம்பலாம்?

இடையூறு ஒன்று வருகிறது என்பது ஐந்தாறு நாளைக்கு முன்பே ஓரளவு தெரியும். எவ்வளவு பனி என்பது கடைசி இரண்டு மூன்று நாளில்தான் தெளிவாகும். ‘இருபதாம் நாள் பனி’ என்று கைபேசி சொன்னால், அதைக் கிளி ஜோசியத்தோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஆனால் விமான டிக்கெட்டோ இரண்டு மாதம் முன்பே வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு அறிக்கை உதவாது, பருவந்தான் உதவும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். குளிர் கடுமையான காலம் அதுதான். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி போதுமான அளவு சேர்ந்திருக்குமா என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் அதைவிட நம்பத் தகுந்தவை. அவையும் சத்தியமல்ல. 2025 பிப்ரவரியில் பனி போதாமல், குல்மார்கில் நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளையே மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள்.

பனி அதிகமானாலும் சங்கடந்தான். 2024 டிசம்பர் கடைசியில் கொட்டிய பனியில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாயின. சாலையில் வண்டிகள் வழியில் நின்றன. அதே ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி குல்மார்க் மேல்சரிவில் பனிச்சரிவு விழுந்து, வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். சென்னை மழைக்குச் சொல்லும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் அங்கேயும் உண்டு. பனிச்சரிவு எச்சரிக்கையைத் தனியாகவும் வெளியிடுகிறார்கள். அது இருக்கும் நாளில் மேல்சரிவுப் பக்கமே போக வேண்டாம்; கீழேயுள்ள மைதானத்தில் குழந்தைகள் விளையாடினால் போதும்.

ஆகவே, திரும்புகிற தேதிக்குப் பின் ஒரு நாளாவது கையில் வைத்துக் கொள்ளுங்கள். ஸ்ரீநகரில் மூன்று நாள் தங்குவதாகத் திட்டமிட்டு, குல்மார்குக்கு எந்த நாள் போவது என்பதை அறிக்கையைப் பார்த்து அங்கேயே முடிவு செய்யுங்கள். தங்குமிடத்துக்குப் பணம் கட்டும்போது, ரத்துச் செய்தால் திருப்பித் தருவார்களா என்று கேட்டுக் கொள்ளுங்கள். பள்ளிக்கூட லீவை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் குழந்தைகளிடம், ‘பனி காட்டுகிறேன்’ என்று சொல்லாமல், ‘காஷ்மீர் காட்டுகிறேன்’ என்று சொல்லி அழைத்துப் போங்கள். பனியும் பெய்துவிட்டால் அவர்களுக்கு இரட்டைச் சந்தோஷம்.