மரையும் மண்டையும்

“டேய் லூசு, அந்த நட்டு லூசா இருக்கு பாரு. டைட் பண்ணு!”

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய சிறு பட்டறை ஒன்றின் வாயிலில் நின்றபோது என் செவியில் விழுந்த ஏவல் இது. ஒரே மூச்சில் ஒரு சொல் இருமுறை வந்தது. முதன்முறை அது மாந்தனைச் சுட்டியது, மறுமுறை இரும்பை. ஏவப்பட்ட இளைஞன் சற்றும் குழம்பவில்லை. பதினேழு-பத்தொன்பது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எந்திரத்தின் பின்புறம் போனான்.

நட்டு தளர்ந்த கதையை முதலில் பார்ப்போம். மரையாணியை முறுக்கும்போது அது துளைக்குள் இறங்கி வாளா நிற்பதில்லை, மயிரிழையளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்கத் துடிக்கும். அந்தத் துடிப்பே இரு தகடுகளையும் சேர்த்து இறுக்குகிறது. ஸ்பேனரில் நாம் செலுத்தும் முறுக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இந்த நீட்சிக்குப் போய்ச் சேரும். ஏறக்குறையப் பாதி, நட்டின் அடிப்பரப்பில் உராய்வாகக் கழியும். எஞ்சியது மரைகளுக்கிடையே கழியும். வீணாய்ப் போனதாகத் தோன்றும் அவ்வுராய்வுதான் பின்னர் நட்டைத் திரும்பவிடாமல் காத்து நிற்கிறது.

அவ்வளவு காவல் இருந்தும் நட்டு ஏன் தளர்கிறது? செருமானியப் பொறியாளர் யுங்கர் 1969இல் இதற்கு விடை கூறினார். ஆணியின் நெடுக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்கே வரும் அதிர்வே கொடியது என்று ஆய்ந்து காட்டினார். சாய்ந்த பலகையில் அசையாமல் நிற்கும் பெட்டியைப் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். தட்டத் தட்ட அது தானே கீழிறங்கும். பக்கவாட்டு வழுக்கலை எதிர்ப்பதிலேயே உராய்வு முழுதும் தீர்ந்துவிடுவதால், இறக்கத்தைத் தடுக்க எதுவும் எஞ்சுவதில்லை. மரையும் ஆணியைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு சாய்தளமே. இங்குள்ள உருட்டாலைகளில் பழுத்த இரும்புக்கட்டை உருளைகளிடையே நுழையும்போதெல்லாம் எந்திரம் அதிர்கிறது; அதிரும்தோறும் நட்டு நூலளவு பின்வாங்குகிறது. நம் பட்டறைகள் பெரிதும் நம்பியிருக்கும் ஸ்ப்ரிங் வாஷரோ, யுங்கரின் முறைப்படி சோதித்தால் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘லூஸ்’ ஆங்கிலேயரின் பிறப்புரிமைச் சொல் அன்று. கடல் கடந்து வந்து குடியேறிய வட ஐரோப்பியரின் பழநோர்சு மொழியிலிருந்து அவர்கள் பெற்றது. இரவல் பொருளை நாமும் இரவல் வாங்கினோம். வாங்கியதைத் தமிழ் நா எவ்வளவு நுட்பமாகத் திருத்திக்கொண்டது என்பதே எனக்கு வியப்பு.

வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நம் நா ஒப்புவதில்லை. ஈற்றில் ஓர் உகரத்தை ஒட்டிக்கொள்ளும். ஆயினும் எல்லாச் சொற்களிலும் ஒருபடியாக ஒட்டுவதில்லை. ‘டைட்’ நம்மிடம் ‘டைட்டு’ ஆயிற்று. ‘ரோட்’ ‘ரோடு’ ஆயிற்று, ‘ரோட்டு’ ஆகவில்லை. உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் டகரம் மெலிந்து ஒலிக்கும். இரட்டித்தால்தான் வன்மை குன்றாது. ஆங்கிலத்தில் வன்மையாய் முடியும் சொல்லுக்கு இரட்டிப்பும், மெலிந்து முடிவதற்கு ஒற்றையும் தரும் இப்பாகுபாட்டைப் பள்ளி வாசலை மிதிக்காதவரும் பிழையறச் செய்கிறார். ‘லூசு’ என்பதில் இரட்டிப்புக்கு இடமே இல்லை. உயிரிடை நிற்கும் ஒற்றைச் சகரம் ஆங்கில ஒலியைத் தானே தந்துவிடுகிறது. இரட்டித்திருந்தால் ‘லூச்சு’ என்று சொல்லே திரிந்திருக்கும். ஆக, காசு, மாசு, தூசு ஆகியவற்றின் வரிசையில் நெடில்தொடர்க் குற்றியலுகரமாக அது அமர்ந்துகொண்டது. லகரம் மொழிமுதலாகாது என்பது பழைய இலக்கணம். அதன்படி ‘இலூசு’ என்று எழுத வேண்டும். அப்படிச் சொல்லும் துணிவு எனக்கே இல்லை.

பொருள் மாறிய வழி இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஒருவரைத் தனியே ‘லூஸ்’ என்றால் ஒழுக்கத்தில் தளர்ந்தவர் என்றே பொருள்படும். அறிவு தடுமாறியவரைக் குறிக்க, மண்டைக்குள் ஸ்க்ரூ லூசாகிவிட்டது என்று முழுத்தொடராகவே அவர்கள் சொல்வார்கள். நாம் ஸ்க்ரூவை உதிர்த்துவிட்டு லூசை மட்டும் வைத்துக்கொண்டோம். ‘மரை கழன்றவன்’ என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. அது தளர்வைத் தாண்டி, கழன்று விழுந்தே போயிற்று என்கிறது. வடக்கிலிருந்து வந்து இங்கே உழைப்போரும் ‘ஸ்க்ரூ டீலா’ (ஸ்க்ரூ தளர்ந்தது) என்றே சொல்கிறார்கள். எந்திரம் புகுந்த நாடெல்லாம் மாந்தர் தம் மண்டையைத் திறந்து பார்த்து அங்கே ஒரு மரையாணியைக் கண்டிருக்கிறார்கள் போலும்!

இளைஞன் குழம்பாததற்கு விடை இலக்கணத்தில் இருக்கிறது. இரும்பானால் ‘லூசா இருக்கு’, ‘லூசாயிடுச்சு’ என்போம். சட்டையும் அப்படியே. ‘ஆக’ ஈறு ஒரு நிலையைக் காட்டும், நிலை மாறக்கூடியது. மாந்தனானால் ‘அவன் ஒரு லூசு’ என்று பெயராகவே நிறுத்திவிடுகிறோம். அது ‘லூசுங்க’ என்று பன்மை ஏற்கும். ‘லூசுப்பய’ என்று ஒற்று மிகும். ‘லூசுத்தனம்’ என்று பண்புப்பெயரும் ஆகும். நட்டுக்கு லூசுத்தனம் உண்டென்று எந்த ஃபிட்டரும் இதுவரை குறைகூறியதில்லை.

இந்தப் பாகுபாடு தலைகீழாக அமைந்துவிட்டதாகவே நான் கருதுகிறேன். மனநோய் வரும், தணியும், மருந்தில் அடங்கும். நிலையைக் காட்டும் ஈறு அதற்கே பொருந்தும். நாமோ இரும்புக்கு மீட்சி தந்துவிட்டு மாந்தனுக்குப் பட்டம் கட்டிவிட்டோம். கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனையை முன்னிட்டு, அவ்வூரின் பெயரையே ஏளனமாக்கியவர்களும் நாம்தாம்.

பட்டறையில் இளைஞன் வேலையை முடித்திருந்தான். நட்டு, ஆணி, தகடு மூன்றையும் தொட்டு மஞ்சள் மார்க்கரால் ஒரே கோடாக இழுத்தான். நட்டு சிறிது திரும்பினாலும் அக்கோடு முறிந்து கண்ணுக்குக் காட்டிவிடும். பக்கத்து நட்டில் பழைய கோடு ஒன்று நகக்கண் அளவு விலகியிருந்தது.

“இதுவும் நகர்ந்திருக்குண்ணே,” என்றான்.

மூத்தவர் குனிந்து பார்த்தார். “அட, கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதையும் முடிச்சிட்டு டீ குடிக்க வாடா, லூசு,” என்றார். இம்முறை அச்சொல்லில் கடுமை இல்லை.